கோடை விடுமுறைக்கு ஒரு சம்பளம்: காவிரிப் படுகையில் பசுமைப் பயிற்சியின் இன்றைய நிலை

டெல்டா மாவட்டங்களில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை இரண்டு சும்மா கிடக்கும். ஒன்று வாய்க்கால். ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12 வாக்கில்தான் மறுபடி திறப்பது வழக்கம் என்பதால், தூர்வாருவதற்கும் மதகுகளைப் பழுதுபார்ப்பதற்கும் இருக்கும் காலம் அதுதான். இன்னொன்று, பிளஸ் ஒன் முடித்த பிள்ளை. 2022இல் இந்தப் பருவத்தில் 80 கோடி ரூபாய் செலவில் ஏறக்குறைய 4,960 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரினார்கள். அந்த ஆண்டு மே 24ஆம் தேதியே அணை திறந்துவிட்டதால் வேலை ஓட்டமும் நடையுமாக நடந்தது. அதே வாரங்களில் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடி கல்யாண மண்டபங்களில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் கேட்டரிங் ஆட்களாக இலை போட்டுச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கையில் காசு. யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்?

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒருவருக்குச் சுற்றுச்சூழல், மாற்று எரிசக்தி சார்ந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, கற்கும் நாட்களுக்குப் பணமும் கொடுக்கும் ஏற்பாடு இந்தப் பகுதியில் உண்டா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பெயர் சொல்லும்படி ஒரு திட்டம் இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. பயிற்சி பள்ளிக் கல்வித் துறையிடம், உதவித்தொகை தொழிலாளர் சட்டத்திடம், பசுமை என்ற பெயர் சுற்றுச்சூழல் துறையிடம், வேலை நீர்வளத் துறையிடமும் வேளாண்மைத் துறையிடமும். ஒன்றோடொன்று பேசாத இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது வயதில் விழுகிறது.

பள்ளிக்கூடம் தருவது

பள்ளியில் சுற்றுச்சூழலுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2001-02இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய பசுமைப் படை, மாவட்டத்துக்கு 250 பள்ளிகள் என்ற கணக்கில் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைத்தது. பள்ளிக்கு ஆண்டுக்கு முதலில் 1,000 ரூபாய், பிறகு 2,500, அதன்பின் 5,000 என்று மானியம் ஏறியது. மன்றத்தில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் தலைக்கு நூறு ரூபாய். மரக்கன்றுக்கும் பேரணிப் பதாகைக்கும் அது சரியாகிவிடும். எரிசக்திக்கு டிசம்பர் 14 இருக்கிறது. தேசிய எரிசக்தி சேமிப்பு நாளையொட்டி எரிசக்தி திறன் செயலகம் 2005 முதல் மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்திவருகிறது. ஓவியம் வரைவதில் தப்பு ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுகளாக எரிசக்திக்குப் பள்ளிப் பிள்ளை செய்யக்கூடிய உதவி படம் வரைவதுதான் என்று அரசு நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இதில் உருப்படியான ஒரு விதிவிலக்கு தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993இலிருந்து நடக்கிறது. தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைக் கட்டி இழுத்துவருகிறது. அந்த இயக்கத்தின் 'துளிர்' இதழைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த மாநாடு நன்றாகத் தெரியும். பத்து முதல் பதினேழு வயதுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, தாய்மொழியிலேயே ஆய்வறிக்கை எழுதுவார்கள். 2012, 2013 ஆண்டுகளுக்குக் கருப்பொருளே எரிசக்திதான். கேள்வித்தாளைத் தயாரிப்பது, அளப்பது, அட்டவணை போடுவது, கண்டதை எழுதுவது என்று ஒரு நல்ல பயிற்சியில் இருக்க வேண்டிய எல்லாம் இதில் உண்டு. காசு மட்டும் கிடையாது. பஸ் கட்டணத்தைக்கூடப் பல இடங்களில் வழிகாட்டி ஆசிரியர்தான் தன் பையிலிருந்து கொடுக்கிறார். அறிக்கையும் நடுவர் மேசையோடு நின்றுவிடுகிறது. எந்த ஊராட்சியும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டத்தில் இன்டர்ன்ஷிப் என்றே ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் உச்சத்தில் மதிப்பெண் எடுத்து அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்களுக்கான ஐந்து நாள் முகாம் அது. பேராசிரியர்கள் வந்து பேசுவார்கள். பயிற்சி என்பதைவிட விருந்து என்று சொல்லலாம். ஏற்கனவே பசியாறியவர்களுக்கான விருந்து.

தொழிற்கல்விப் பிரிவு வேறு கதை. 1978இல் தமிழகத்தில் பிளஸ் டூ வந்தபோதே அதுவும் சேர்ந்து வந்தது. வேளாண்மையும் மின்சாதனங்களும் அதில் முக்கியப் பாடங்கள். டெல்டாவில் பம்ப்செட் மெக்கானிக்காகவும், உரக்கடை வைத்தவராகவும், மின்வாரியத்தில் வேலைக்குப் போனவராகவும் இந்தப் பிரிவில் படித்தவர்களை எந்த ஊரிலும் காணலாம். ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியரின் இடத்தில் ஆள் போடாமல் விட்டதால் பள்ளிக்குப் பள்ளி பிரிவுகள் மூடிக்கொண்டுவந்தன. அண்மை ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவர்களை 80 மணி நேர உள்ளுறைப் பயிற்சிக்கு வெளியே அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. எண்பது மணி நேரம் என்பது எட்டு மணி நேர நாளாகப் பத்து நாள். பட்டறைக்காரர் பையனின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் பயிற்சி முடிந்துவிடும். ஆனாலும் பள்ளியில் படிக்கும்போதே வேலைத்தளத்துக்கு அனுப்பலாம் என்று துறை ஒப்புக்கொண்ட இடம் இது. மேற்கொண்டு கட்ட வேண்டுமானால் இதன்மீதுதான் கட்ட வேண்டும்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு

பணம் என்று வந்தால் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அபாயமில்லாத தொழில்களில் பதினான்கு வயதானவரை அப்ரண்டிஸாகச் சேர்க்க அது அனுமதிக்கிறது. 1986இல் வந்த திருத்தம், பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களை உள்ளே கொண்டுவந்தது. அவர்களுக்கான ஓராண்டுப் பயிற்சியைத் தென்னிந்தியா முழுமைக்கும் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பயிற்சி வாரியம் கவனிக்கிறது. 2019 விதிகளின்படி மாதாந்திரக் குறைந்தபட்ச உதவித்தொகை ஒன்பதாம் வகுப்புவரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்போ தொழிற்கல்வியோ முடித்தவருக்கு 7,000. இதை 36 சதவீதம் உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. 2016இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்கிறது.

ஆக, பத்தாம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு மாதம் 6,000 ரூபாய் என்ற தொகையை ஏற்கனவே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிக்கல், பயிற்சிக் காலம் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பது. பள்ளியில் படித்துக்கொண்டே ஆறு வாரக் கோடைப் பயிற்சிக்கு வருபவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். பள்ளியை விட்டவருக்கும் முடித்தவருக்கும் சட்டம் பணம் கொடுக்கச் சொல்கிறது. நடுவில் நிற்பவரை அது பார்க்கவில்லை.

மற்றத் திட்டங்கள் வயதை வைத்தே கதவைச் சாத்திவிடுகின்றன. சூரியசக்திச் சாதனங்களை நிறுவக் கற்றுக்கொடுக்கும் சூரியமித்ரா 2015இல் வந்தது. தங்குமிடம், சாப்பாட்டோடு 600 மணி நேர இலவசப் பயிற்சி, நல்ல திட்டம். ஆனால் பதினெட்டு வயதும் ஐடிஐ படிப்பும் வேண்டும். நூறு நாள் வேலைக்கும் பதினெட்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் தருகிறது, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. தமிழக அரசின் முதலமைச்சர் பசுமை ஆய்வாளர் திட்டம் மாவட்டத்துக்கு ஒருவர் என்று எடுத்து, கைநிறையச் சம்பளம் கொடுத்து, ஆட்சியருக்குத் துணையாக வைத்திருக்கிறது. அது பட்டதாரிகளுக்கு. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 முதல் பள்ளிகளில் வழிகாட்டுகிறது. வழிகாட்டுவதோடு சரி. படிப்பு முடிந்து கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பதினாறிலிருந்து பதினெட்டுவரை உள்ள இரண்டு ஆண்டுகள்தான் யார் கணக்கிலும் இல்லாத ஆண்டுகள். படிப்பை விட்டுவிடுவதா தொடர்வதா என்று ஏழை வீட்டுப் பிள்ளைகள் முடிவெடுக்கும் ஆண்டுகளும் அவைதான்.

காசு ஏன் கட்டாயம்

பள்ளிப் பிள்ளைக்கு எதற்குச் சம்பளம், சான்றிதழ் போதாதா என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் உண்டு. அவர்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் சான்றிதழ் மட்டும் தரும் பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் கேட்டரிங்குக்கோ, ஜவுளிக்கடைக்கோ, வைக்கோல் கட்டு ஏற்றவோ போக வேண்டிய கட்டாயமில்லாத பிள்ளை வரும். அது பெரும்பாலும் நீட் பயிற்சி வகுப்பில் இருக்கும். வாய்க்கால் ஓரத்திலேயே வளர்ந்து, எந்த மதகு எந்தப் பக்கம் கசியும் என்று தெரிந்த பிள்ளை வராது. பயிற்சிக்குள் யார் வரலாம் என்பதைச் சம்பளம்தான் முடிவு செய்கிறது.

இந்த மண்ணில் கூலியைப் பற்றிப் பேசும்போது கவனமாகவே பேச வேண்டும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டதில் வளர்ந்த பகை அது. அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், ஆறு வாரம் வேலை செய், அனுபவம் கிடைக்கும் என்று சொல்வதற்குக் கொஞ்சம் வரலாற்று மறதி வேண்டும்.

பயிற்சி என்ற பெயரையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. வறண்ட மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கூட்டிப்போய், விடுதியில் வைத்து, பயிற்சியாளர் என்று பதிவேட்டில் எழுதி, முழுத் தொழிலாளியின் வேலையை வாங்கினார்கள். கடைசியில் தருவதாகச் சொன்ன மொத்தத் தொகை எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கென்றே தமிழக அரசு 2008இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டிவந்தது. பசுமை என்ற அடைமொழி சேர்ந்துவிட்டதாலேயே ஒரு பயிற்சி யோக்கியமானதாகிவிடாது. நாளைக்கு ஒரு சூரியத்தகடு நிறுவனம் இதே வேலையைச் செய்யலாம். அதனால் இதை எந்தத் துறை நடத்தினாலும் வேலை நேரம், தொகை, காலம் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். பள்ளி ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும்.

இந்த ஊருக்கு எந்த வேலை

மாற்று எரிசக்தி என்றதும் முப்பந்தல் காற்றாலைகளும் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் கண்முன் வரும். அவை தெற்கே இருக்கின்றன. டெல்டாவின் எரிசக்தி வரலாறு வேறு. இங்கே மண்ணுக்கு அடியில் எரிவாயு இருந்தது. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் அதை எரித்து மின்சாரம் எடுக்கத் தலா நூறு மெகாவாட் அளவில் நிலையங்கள் எழுந்தன. பிறகு மீத்தேன் வந்தது. மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் காலமானார். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டங்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். 2023இல் வடசேரி உள்ளிட்ட பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டன. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எரிசக்தி என்ற சொல்லைப் போராட்டப் பந்தலில்தான் கேட்டிருக்கிறார்கள். எது வேண்டாம் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். எது வேண்டும் என்று கற்றுக்கொடுக்க இன்னும் யாரும் பந்தல் போடவில்லை.

நெல் வயலில் பெரிய சூரியப் பூங்கா வரப்போவதில்லை, வரவும் கூடாது. இங்கே உள்ள வேலை சின்னது, சிதறியது, தண்ணீரோடு ஒட்டியது. போர்செட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடினால் மணிக்கு நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மும்முனை மின்சாரம் ஆறு மணி நேரம் வந்தால் நாளொன்றுக்கு இருபத்தைந்து யூனிட் போல. ஆனால் இரண்டு மூன்று தடவை காயில் கட்டிய மோட்டார், பெயர்ப்பலகையில் உள்ள குதிரைத்திறனுக்குரிய தண்ணீரை எடுக்காது. எடுப்பதற்குக் கூடுதல் மின்சாரம் தின்னும். புட்வால்வு அடைத்திருக்கலாம், கெப்பாசிட்டர் செத்திருக்கலாம், மோட்டார் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். இருநூறு லிட்டர் டிரம், ஒரு ஸ்டாப்வாட்ச், மின்வாரிய வயர்மேன் பிடித்துக் காட்டும் கிளாம்ப் மீட்டர். டிரம் நிறைய எத்தனை நொடி, அந்த நேரத்தில் எத்தனை ஆம்பியர் என்ற இரண்டு எண்களோடு, தண்ணீர் எத்தனை அடி ஆழத்திலிருந்து ஏறுகிறது என்பதும் தெரிந்தால் போதும். பிளஸ் ஒன் இயற்பியல் படித்த பிள்ளை மிச்சத்தைப் போட்டுவிடும். சூரியசக்தி பம்ப்செட்டுக்கு வேளாண் பொறியியல் துறை 60 சதவீத மானியம் தருகிறது. எந்தக் கிணற்றுக்கு எந்த அளவு பம்ப் பொருந்தும் என்பதற்கும் இதே அளவுகள்தான் வேண்டும்.

ஒரு முள் இதில் இருக்கிறது. யாராவது மீட்டரோடு வயலுக்கு வந்தால் இலவச மின்சாரத்துக்கு உலை வைக்கத்தான் வருகிறார்கள் என்று விவசாயி நினைப்பார். நினைப்பதற்குக் காரணமும் உண்டு; 2020இல் மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவின் வரைவு வெளியானபோது டெல்டா கொந்தளித்தது அதனால்தான். ஆகவே எடுத்த அளவு விவசாயியிடமே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். இணைப்பு எண்ணோடு அது மின்வாரியத்துக்குப் போகாது என்ற உறுதியும் முதலிலேயே வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே பிள்ளைகளை வரப்பிலிருந்து விரட்டிவிடுவார்கள், நியாயமாகவே.

அடுத்தது காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்றில்லாமல் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மீத்தேன் வேண்டாம் என்று கொடி பிடித்த வயலிலேயே மீத்தேன் குமிழியிடுவது இந்த ஊரின் சங்கடங்களில் ஒன்று. துளையிட்ட பிவிசி குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால், அந்த வாயு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, தண்ணீரும் மிச்சம். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், தஞ்சாவூருக்கு வெளியே காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. குழாயில் அளவு பார்ப்பது காலையில் ஐந்து நிமிட வேலை. பள்ளிக்குப் போகிற வழியில் முடித்துவிடலாம். ஆனால் ஆற்றுப்பாசன வயலில் இது ஓடாது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது வந்த தண்ணீரைப் பிடித்து வைக்காத விவசாயி எங்கும் கிடையாது. போர்செட் வைத்துக் குறுவை போடும் வயல்களோடு இதை நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாய்க்கால். மாணவர்கள் மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும் சி, டி பிரிவு வாய்க்கால்களை வேலைக்கு முன்னும் பின்னும் நடந்து பார்த்து, நீளம், அகலம், ஆழம் அளந்து, மதகின் நிலையைப் படம் பிடித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் அது பெரிய காரியம். ஒப்பந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது என்பது இதற்கு ஒரு கூடுதல் தகுதி.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைக் கணக்கெடுப்பு, கொள்முதல் நிலையங்களில் நெல் ஈரப்பதம், பள்ளிக் கூரையில் உள்ள சூரியத்தகட்டின் தினசரி உற்பத்தி என்று சொல்லிக்கொண்டே போகலாம். கஜா புயலை மட்டும் விட்டுவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஒரத்தநாடு, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. கம்பம் நட வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் கைபேசிக்கு மின்னேற்றவும் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஓட்டவும் ஒரு சின்ன சூரியமின் அமைப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த நாலு பேர் அப்போது எந்தக் கிராமத்திலும் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கூரைமேல் ஏறித் தகடு பொருத்துவது, மின்கம்பத்தைத் தொடுவது, தண்ணீர் ஓடும் ஆற்றில் இறங்குவது மூன்றும் பதினெட்டு வயதுக்குக் கீழே கிடையாது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் சேர்க்கத் தடை விதிக்கிறது. அது சுட்டும் 1948 தொழிற்சாலைச் சட்டப் பட்டியலில் மின் உற்பத்தித் தொழிலும் இடம்பெற்றிருந்தது. மாற்று எரிசக்திப் பயிற்சி என்றால் பையனைத் தகட்டின்மேல் நிறுத்திப் புகைப்படம் எடுப்பது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அளப்பது, பதிவது, கணக்கிடுவது, சொல்லிக்கொடுப்பது, இவற்றிலேயே போதுமான வேலை இருக்கிறது.

வேறெங்கே நடந்தது

ஜெர்மனியில் தன்னார்வச் சூழலியல் ஆண்டு என்று ஒன்று 1987இல் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் பரிசோதனையாகத் தொடங்கி 1993இல் நாடு முழுமைக்கும் சட்டமானது. பள்ளி முடித்த பதினாறு வயதினர் முதல் இருபத்தேழு வயதுக்குட்பட்டவர்கள் வரை ஓர் ஆண்டு சேரலாம். கைச்செலவுப் பணமும் காப்பீடும் உண்டு. அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட் தொடங்கிய இளைஞர் வனப் படையில் மாதம் 30 டாலர் கொடுத்து, அதில் 25 டாலரை நேராக வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் ஊர் நடைமுறைக்கு அதைவிட நெருக்கமானது 1970இல் வந்த இளைஞர் பாதுகாப்புப் படை. பதினைந்து முதல் பதினெட்டு வயதுள்ள பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் மட்டும் அரசு வனங்களிலும் பூங்காக்களிலும் வேலை செய்கிறார்கள், குறைந்தபட்சக் கூலிக்கு. ஆறு மாதம் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

அமெரிக்காவரை போகவும் வேண்டாம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், பிளஸ் டூ முடித்தவர்கள் தங்கள் தெருவில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்க மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது நம் அரசு. தொகை குறைவு என்ற புகார் சரிதான். ஆனாலும் லட்சக்கணக்கான தன்னார்வலர்களை ஊர்வாரியாகத் தேர்ந்தெடுத்து, கைபேசியில் வருகை பதிந்து, வங்கிக் கணக்கில் பணம் போடும் வழக்கம் பள்ளிக் கல்வித் துறைக்குப் பழகிவிட்டது.

செலவையும் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பு முடித்தவருக்குச் சட்டம் சொல்லும் மாதம் 6,000 ரூபாயையே வைத்துக்கொண்டால் ஆறு வாரத்துக்கு 9,000. டெல்டா முழுவதும் ஆயிரம் மாணவர்களுக்கு 90 லட்சம். 2022இல் தூர்வாரியதற்கு ஆன 80 கோடியில் இது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். தூர்வாரிய வேலையை அளக்க அந்த வேலைக்கான பணத்தில் நூறில் ஒன்று செலவழிப்பது எந்தத் தணிக்கையாளருக்கும் அதிகமாகப் படாது. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியரே தலைவர் என்பதால், துறைகளை ஒரே கூட்டத்துக்கு அழைக்கும் அதிகாரமும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டதால் அந்த விடுமுறையும் கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. தனியார் பள்ளிகள் அதைப் பிளஸ் டூ பாடத்தால் நிரப்பிவிடும். அரசுப் பள்ளிகளில் இடம் உண்டு.

சோதித்துப் பார்ப்பதற்கு ஒரத்தநாடு வட்டாரம் பொருத்தமாக இருக்கும். கல்லணைக் கால்வாயான புதாறு அதன் வழியாகப் போகிறது, போர்செட் குறுவையும் உண்டு, கஜாவில் அடிபட்ட ஊர், ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் கிராமத் தங்கல் திட்டத்தில் எப்படியும் ஊருக்குள் வருகிறார்கள். அவர்களே குழுவுக்கு ஒருவராக வழிநடத்தலாம். நூறு பேர் என்றால் 9 லட்சம் ரூபாய். ஐம்பது பேர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றால் வேலை வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்துக்குள் இருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும், குழுவில் குறைந்தது மூன்று பெண்கள் சேர்ந்து போக வேண்டும். இவை எழுதப்படாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்கும், பிள்ளை வராது. விபத்துக் காப்பீடு பள்ளியின் பெயரில் எடுக்கப்பட வேண்டும். பணம் அப்பாவின் கணக்குக்குப் போகாமல் பிள்ளையின் கணக்குக்கே போக வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார்கள் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கல்வி உதவித்தொகைக்காக இவர்களில் பலருக்கு அந்தக் கணக்கும் ஏற்கனவே இருக்கிறது.